தொப்பிக்கோழிக் கடையில் தினமும் பிறந்தநாள்

கல்யாண சமையல் மாஸ்டருக்கு உலகத்தில் எந்தச் சமையல்காரன் மேலும் நம்பிக்கை கிடையாது. ஏன் என்று கேட்டால், "நானே சமையல்காரன்தானே, எனக்குத் தெரியாதா?" என்பார். அதனால் வெளியூர் போனால் அவர் கால் வைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்கக் கம்பெனியின் தொப்பிக்கோழிக் கடை. வாசலில் அகலத் தொப்பி போட்ட கோழி ஒன்று கண்ணடித்துக்கொண்டு நிற்குமே, அந்தக் கடை. அங்கே சமையல்காரன் என்று ஒருவனும் இல்லை. மெஷின் இருக்கிறது, அது கூவினால் ஓடிவந்து கோழியை வெளியே எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "மெஷினுக்குக் கோபம் வராது. பொண்டாட்டிகிட்ட சண்டை போட்டுட்டு வந்து உப்பை அள்ளிக் கொட்டாது" என்பது மாஸ்டரின் கட்சி.

வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு விமானம் ஏறினாரே, நடுவில் விமானம் மாறிய இடத்திலும் அவர் தேடிப் பிடித்தது அந்தக் கோழியைத்தான். அதே சிவப்பு நாற்காலி, அதே எண்ணெய் வாசனை, கழிவறைக்கு வழிகாட்டும் அதே கோழிப் படம்.

"ஏங்க, ஆகாயத்துல இவ்வளவு தூரம் பறந்து வந்தது நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில உக்காரவா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆமா. வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல? அதுக்கு பாஸ்போர்ட் கிடையாது" என்றார் மாஸ்டர்.

மகளுடைய ஊரில் இறங்கி, மாப்பிள்ளை காரை ஓட்ட, வீட்டுக்குப் போகும் வழியிலேயே வந்தது வினை. முன்சீட்டில் இருந்த மகள் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பா, போன்ல சொன்னா திட்டுவீங்கன்னுதான் சொல்லல. ஆபீஸ் வேலையை விட்டுட்டேன். சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை வைக்கப்போறேன். இடம் பிடிச்சாச்சு, அடுப்பு வச்சாச்சு. ஞாயித்துக்கிழமை திறப்பு."

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஆனா ஒண்ணு. நீங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தான் திறப்பேன். சரியில்லன்னா சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு, பழையபடி ஆபீஸ்லயே போய் உக்காந்துக்கிறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டதே."

"இவர் சொன்னா போதாதா?" என்று மனைவி மாப்பிள்ளையைக் காட்டினாள்.

"அவரா? அடிப்பிடிச்ச பாலைக் குடுத்தாலும் அருமைன்னுதான் சொல்வாரு. அவர் வாக்கை வச்சுக் கடை திறக்க முடியுமா?"

மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்து அருமையாகச் சிரித்தார்.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொல்ல வராத வாய் என்பது வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும்; கூட வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். சொந்தத் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "இந்தக் குழம்பு எந்த வியாதிக்கும்மா?" என்று கேட்டவர் அவர். அந்தத் தங்கை இன்றுவரை வாசல்படி மிதிக்கவில்லை. இப்போது மகள் சமையல் சுமாராக இருந்தால்? வாய் சொல்லிவிடும். அவரைக் கேட்காது. ஒரே பெண், ஆசைப்பட்டு அடுப்பு வைத்திருக்கிறாள். அதில் தண்ணீர் ஊற்றப் பெற்ற தகப்பனா வரவேண்டும்?

"வயித்தைப் பிசையுதும்மா" என்றது அதே வாய். அவரே திடுக்கிட்டுப்போனார். வாழ்க்கையின் முதல் பொய் இவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பொய்யன் ஆனதும் அவருக்குக் கிடைத்தது கஞ்சி. காலையில் கஞ்சி, மதியம் கஞ்சி, ராத்திரிக்கு ஒரு மாறுதலாக, கொஞ்சம் தண்ணியான கஞ்சி. "அவர் சாப்பிடாம எனக்கு எப்படி இறங்கும்?" என்று மனைவி வீறாப்பாகச் சொல்லிவிட, அவளுக்கும் அதே கஞ்சி. மகள் தினமும் கடைக்குப் போய், குழம்பும் கூட்டும் வைத்து மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு வயிறு எப்படிப்பா?" என்று கேட்பாள். "இன்னும் பிசையுதும்மா" என்பார். அவள் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மறுநாளே மாஸ்டர், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்று அடுத்த பொய்யை எடுத்து விட்டுவிட்டு, பசியோடு தெருவில் இறங்கினார். மூக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில் அகலத் தொப்பியும் கண்ணடிப்பும்! பெற்ற தாயைப் பார்த்த மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தார், பகீரென்றது. மகளின் கடை. கோழிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு. ஆனாலும் பசி வந்தவனுக்குத் தெரு என்ன, தூரம் என்ன? தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்.

கல்லாவில் நின்ற பெண் அந்த ஊர்ப் பாஷையில் என்னமோ கேட்டாள். மாஸ்டருக்குப் புரியாத பாஷை எதைக் கேட்டாலும் தலையாட்டும் பழக்கம் உண்டு. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரே நேரத்தில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுத் தான் நினைத்தபடி சமைப்பார். அந்தத் தொழில் பழக்கத்தில் இங்கேயும் ஆட்டினார். அவள் மறுபடி கேட்டாள். மறுபடி ஆட்டினார். அவள் முகம் மலர்ந்தது.

அவர் ஓரமாக ஒரு மூலை பிடித்து, முதல் துண்டை வாயில் வைத்தாரோ இல்லையோ, கடையே அதிர ஒரு மணி அடித்தது. உள்ளே இருந்த பிள்ளைகள் எல்லாம் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் தலையில் மஞ்சள் காகிதத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்தார்கள். முன்னால் அலகு, உச்சியில் சிவப்புக் கொண்டை. சுற்றி நின்று பாடினார்கள். குட்டி கேக் ஒன்றை மெழுகுவத்தியோடு முன்னால் வைத்து, ஊது என்று சைகை காட்டினார்கள். ஒளிந்து தின்ன வந்த மனுஷன், உலகத்துக்கே தெரியும்படி ஊதினார். கேக் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நாளும் போனார். அதே பெண், அதே கேள்வி, அதே தலையாட்டல். இந்தத் தடவை அவள் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனாலும் கம்பெனி சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மணி அடித்தது, தொப்பி வந்தது, பாட்டு நடந்தது. மாஸ்டர் இதை அந்த ஊர்க் கிளையின் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். தொழில் தெரிந்தவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள் போலும்.

அதற்கு மறுநாள் மதியம், கல்லாவில் தலையாட்டிவிட்டு, தலையில் தொப்பியோடு உட்கார்ந்து, கேக் வரட்டும் என்று காத்திருந்தபோது, தூணுக்குப் பின்னால் ஒரு தட்டு நடுங்குவதைக் கவனித்தார். தட்டுக்குப் பின்னால் தெரிந்த காதுகள் தெரிந்த காதுகள்.

"மாப்பிள்ளை!"

"மாமா!" என்று எழுந்த மாப்பிள்ளை வாயெல்லாம் எண்ணெய். "உங்களுக்கு இன்னிக்குப் பிறந்தநாளா?"

"எவன் சொன்னான்?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. கல்லாவுல அதைத்தான் கேக்குறாங்க."

மாஸ்டர் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். மூன்று நாளாக விஷயம் இதுதானா! கூச்சத்தை மறைக்க மாப்பிள்ளை மேல் பாய்ந்தார். "அது கெடக்கட்டும். நீங்க ஏன் இங்க? வீட்ல சாப்பாடு போடலியா?"

"போடுறா மாமா. அஞ்சாறு மாசமா போடுறா. ஒரே குழம்பை காரம் கூட்டி, காரம் குறைச்சு, புளி மாத்தி, மறுபடி பழையபடி. எனக்குக் குழம்பு கனவுல வருது மாமா." அவர் கண் கலங்கியே விட்டது.

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க, வெளியில கேக்கப்போகுது" என்றது பின்சீட்டு. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மூடாத பக்கத்தில் ஒரு கோழிக்காலோடு உட்கார்ந்திருந்தாள் மாஸ்டரின் மனைவி. "என்ன பாக்குறீங்க? கஞ்சி குடிச்சே செத்துப்போகச் சொல்றீங்களா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் கதவு திறந்தது. வந்தது மகள்.

மூன்று பேரும் மேஜைக்கு அடியில் போனார்கள். எப்படிப் போனார்கள் என்று கேட்காதீர்கள். மனைவியின் உடம்புக்கு அது நடக்கிற காரியமே இல்லை, ஆனாலும் நடந்தது. கால்களுக்கு இடையே மாஸ்டர் பார்த்தார். மகள் கல்லாவில் வாயைத் திறக்கவே இல்லை. அந்தப் பெண்ணும் எதுவும் கேட்காமல் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். தினமும் வருகிறவளுக்குத்தான் அப்படி நீட்டுவார்கள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே இருந்த தன் கடையைப் பார்த்துக்கொண்டே கோழியைப் பிய்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழுகிறாளா?

அந்த நேரம் பார்த்துக் கேக் வந்தது. பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்த்துக் குழம்பி, பிறகு குனிந்து பார்த்து, மேஜையைச் சுற்றி நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். மணி வேறு. மகள் திரும்பினாள். மேஜைக்கு அடியிலிருந்து முதலில் கொண்டை வந்தது, அலகு வந்தது, அப்புறம் அப்பா வந்தார்.

"வயிறு எப்படிப்பா இருக்கு?" என்றாள் மகள்.

பாட்டு நின்றுபோனது. அவள் கோபப்பட்டிருந்தால் கூட மாஸ்டர் தாங்கியிருப்பார்.

"நீங்க தொடாமலே கண்டுபிடிச்சிட்டீங்கன்னு எனக்குத் தெரியும்பா" என்றாள். "என் துணியில அடிச்ச வாசனையிலயே தெரிஞ்சிருக்கும். சரியில்லன்னு சொல்ல மனசு வராமத்தான் வயித்துவலின்னு சொல்றீங்க. பரவாயில்ல. எனக்கே இறங்கலப்பா. சமைச்சு முடிச்சா அந்தக் குழம்பைப் பாக்கவே பிடிக்கல. இங்க வந்துதான் சாப்பிடுறேன். எனக்கே வேண்டாத சாப்பாட்டை ஊருக்கு எப்படிப் போடுறது? சாவியைக் குடுத்துடறேன்."

மாஸ்டருக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. தன் பொய் அவளைப் புண்படுத்தாது என்று நினைத்தாரே, முட்டாள்! தினமும் ஒரு பானைச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்றல்லவா இந்தப் பெண் நினைத்திருக்கிறாள்?

"அடிப் பைத்தியமே, நான் வாசனையே பாக்கலடி. பயந்துட்டேன். என் வாயைப் பத்தித் தெரியாதா உனக்கு?" என்றார் மாஸ்டர். "சமைச்சது இறங்கலன்னா சொன்னே? கல்யாண மண்டபத்துல நான் சாப்பிட்டு எப்பவாவது பாத்திருக்கியா?"

"கடைசிப் பந்தியில சாப்பிடுவீங்கன்னு..."

"கடைசிப் பந்தியா!" என்றாள் அம்மா. "வீட்டுக்கு வந்து பன்னைத் தண்ணியில நனைச்சுத் தின்னுட்டுப் படுப்பாருடி உங்கப்பா. அவர் வச்ச குழம்பு பேச்சை எடுத்தாலே குமட்டும் அவருக்கு."

"அடுப்பு முன்னாடி நின்னவனுக்கு அது இறங்காது. அதுக்காக நான் தொழிலை விட்டேனா? எழுந்திரு. எனக்கு இலை போடு... தட்டோ என்னவோ, அதைப் போடு" என்றார் மாஸ்டர்.

தெருவைத் தாண்டினார்கள். மகளின் கடையில் புதுப் பெயிண்ட் வாசனை. மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார, மகள் சோறு வைத்துக் குழம்பு ஊற்றிவிட்டு, கரண்டியும் கையுமாக நின்றாள். மனைவி, பேசித் தொலைக்காதீர்கள் என்று கண்ணாலேயே கும்பிட்டாள். மாஸ்டர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நாக்கு பழக்கப்படி குற்றம் தேடிக் கிளம்பியது. தேடிக்கொண்டே இருந்தது. அதற்குள் கை அவரைக் கேட்காமல் அடுத்த கவளத்தை உருட்டியது.

"அப்பா?"

அவர் வாயைத் திறக்கும்போது கதவைத் திறந்துகொண்டு தொப்பிக்கோழிப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கல்லாப்பெண் கையில் கேக், மெழுகுவத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தெருவைத் தாண்டும்வரை கையால் மறைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறாள், புண்ணியவதி. மாஸ்டர் ஊதி அணைத்தார். ஆனால் பிள்ளைகள் போகவில்லை. மூக்கை நிமிர்த்திக்கொண்டு அடுப்புப் பக்கமே பார்த்தார்கள்.

"என்னவாம்?"

"பசிக்குதாம் மாமா. சாப்பாட்டு நேரமாம்."

"அவங்க கடையில இல்லாத கோழியா?"

மாப்பிள்ளை கேட்டுச் சொன்னார். "அதைப் பாத்தாலே வாந்தி வருதாம்."

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். மெஷின் முன்னால் நின்றாலும் மனுஷ வயிறு ஒன்றுதான் போல! பிள்ளைகள் பந்தி உட்கார்ந்துவிட்டதைக் கண்டதும் அவரால் உட்கார முடியவில்லை. கொண்டை ஆட ஆட எழுந்து, மகள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறினார். அவர்கள் சாப்பிட்டு முடித்ததும், மண்டபத்தில் செய்வது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்து, ஒவ்வொரு தட்டாக எட்டிப் பார்த்தார். ஒரு பருக்கை இல்லை. அந்தக் கல்லாப்பெண் விரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

போகும்போது அவள் வாசலில் நின்று, மாஸ்டரைப் பார்த்து என்னமோ கேட்டாள். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார். பிள்ளைகள் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். மாப்பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"இப்ப எதுக்குத் தலையாட்டினேன்?"

"நாளைக்கும் கடை இருக்குமான்னு கேட்டா, மாமா. நீங்க இருக்கும்னு சொல்லிட்டீங்க."

மகள் அவர் வாயையே பார்த்தாள். மாஸ்டர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, காலித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி. இன்னும் கொஞ்சம் சோறு போடு."