கண்ணாடிக்காரரின் வெயில்

ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்த மகளுக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஜன்னல் கண்ணாடி மாட்டும் தொழில் செய்யும் என் வீட்டுக்காரர் கேட்டால்தானே?

“வெயில் சும்மா கிடைக்குது, மருந்து எதுக்கு?”

தினமும் காலையில், தன் கையாலேயே மாட்டிய கண்ணாடி ஜன்னலை மூடிவைத்து, அதனருகே அவளை மடியில் கிடத்திக்கொள்வார். நான் சத்தமில்லாமல் சொட்டு மருந்தைக் கொடுத்துவந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. “பாத்தியா, என் வெயிலை!” என்று மீசையை முறுக்கினார்.

அப்போது வாடிக்கையாளர் ஒருவர் போனில் அழைத்தார். இவர் உற்சாகமாக விளக்கினார்: “வெளிச்சம் மட்டும்தான் வரும் சார். தோலைக் கறுக்க வைக்கிற புற ஊதாக் கதிரை நம்ம கண்ணாடி உள்ள விடவே விடாது…”

வைட்டமின் டி தருவதும் அதே கதிர்தான். அது உறைத்ததும் மனிதர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

காலி மருந்துப் புட்டியை நீட்டினேன். “உங்க வெயில் தீந்துபோச்சு. ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”