பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை

...பதினொன்று ஆக இன்னும் நாலு நிமிடம், அதற்குள் யாரும் வந்து தொலைக்கக் கூடாது, சலூன்காரர் நாற்காலியைத் துடைத்தபடி வாசலைப் பார்த்தார், கொழுந்தியாளுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, தலைப்பிரசவம், குழந்தையின் தலை சரியாகத் திரும்பவில்லையாம், சபையில் சங்கிலி ஜெபம், ஆளுக்கு அரை மணி நேரம், மனைவி இவரைக் கேட்காமலே பதினொன்று முதல் இவர் முறை என்று பேரைக் கொடுத்துவிட்டாள்... அவளுக்கென்ன, நோட்டுப் போட்டு ஜெபிக்கிறவள், பேர், வியாதி, தேதி, கேட்டது கிடைத்தால் பச்சை மையில் ஒரு டிக், ஆண்டவருக்கே மார்க் போடுகிற மாதிரி. மாமியார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முழங்காலில் நிற்பார்கள். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தால் தெருமுனை வரை கேட்கும். தலையில் கை வைப்பது என்று பார்த்தால் இவரும்தான் இருபது வருடமாக வைக்கிறார், ஒருத்தராவது ஆமென் சொன்னதுண்டா? கண்ணை மூடி ஜெபிக்கலாமென்றால், மூடினால் யார் காது போகும்?

கதவு திறந்தது. எதிர்க்கடைக்காரன். மூன்று மாதம் முன்பு நேர் எதிரே ஏசி போட்டுக் கடை திறந்து, இவருடைய வாடிக்கையில் பாதியை அள்ளிக்கொண்டு போனவன். வலது கையில் பெரிய கட்டு, கண்ணாடி கிழித்துவிட்டதாம், ஒரு வாரமாகக் கடை பூட்டு. "அண்ணே, ஒரு ஷேவிங்... இடது கையால பண்ணிப் பாத்தேன், இந்தக் கோலம்" என்று தாடையைக் காட்டினான். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் எங்கே முடியாது என்பது. நுரை தடவும்போது மணி பதினொன்று. சரி, கை இங்கே, மனசு அங்கே... ஆண்டவரே, சின்னப் பிள்ளை அவள், தாங்கமாட்டாள், சீக்கிரம், சீக்கிரம்... "தலையைத் திருப்பும்!" வாய்விட்டே சொல்லிவிட்டார். எதிர்க்கடைக்காரன் பவ்யமாகத் தலையைத் திருப்பினான்.

போன் அடித்தது. மனைவி, அழுகையும் சிரிப்புமாக. "பொண்ணு பொறந்திருக்குங்க! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க! நீங்க ஜெபம் பண்ணீங்களா, இல்லையா?"

"பண்ணிட்டுத்தான்டி இருக்கேன்."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்... மணி பதினொன்று பத்துதான், இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே, அதை யாருக்குக் கொடுப்பது, பாதியில் எழுந்து போவதா? கத்தி கழுத்தில் இறங்கியது, இவன் கண்ணை மூடியிருந்தான், யாரிடம் கழுத்தைக் கொடுத்திருக்கிறோம் என்ற பயமே இல்லாமல்... "கை எப்பத் தேறும்?" "தெரியலண்ணே. ரெண்டு விரல் மடங்கவே மாட்டேங்குது. இந்தத் தொழில விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது." முகத்தை நிமிர்த்துவதற்காக இடது கையை அவன் தலைமேல் வைத்தார், எப்போதும் வைப்பதுதான், இன்றைக்கு எடுக்கத் தோன்றவில்லை. ஆண்டவரே, இவன் கை சரியாகட்டும், விரல் மடங்கட்டும். மனசாரத்தான் கேட்டார், நெஞ்சுகூட லேசானது. பிறகுதான் சுருக்கென்றது, இந்த ஒரு வாரமாகப் பழைய முகங்களெல்லாம் வரிசையாக இந்த நாற்காலிக்குத் திரும்பியிருக்கின்றன, இவனுக்காகக் கேட்டதில் சீக்கிரம் என்கிற ஒரு சொல் மட்டும் வரவேயில்லை... ஈரத் துண்டால் அவன் முகத்தை ஒற்றினார். அதுவாகவா விட்டுப்போயிற்று, நானா விட்டேன்?