தொடக்கூடாத மரம்

வார்டு ஆபீஸ் கிளார்க் சிரித்ததைத்தான் இசக்கிப்பாண்டியால் தாங்க முடியவில்லை. பம்பாய் மாட்டுங்காவில் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றால், இந்த ஆள் பல் தெரியச் சிரிக்கிறான்.

"ரோட்டோர மரம்னா எங்களோடது. வெள்ளை பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கும். உன் மரத்துல நம்பர் இருக்கா?" என்று இந்தியில் கேட்டார் கிளார்க்.

"நம்பர் இல்ல சாப். மஞ்சத்துணி கட்டியிருக்கு."

"அப்போ சாமிகிட்டப் போய்க் கேளு. முனிசிபாலிட்டிக்கு அந்த மரத்தைத் தெரியாது. ஒரு கிளைதானே? வெட்டிக்கோ. எவன் தலையிலயும் விழாம வெட்டு. ஆமா, எந்த இடம்னு சொன்னே?"

சயான் பக்கம் என்று முனகிவிட்டு இசக்கிப்பாண்டி படியிறங்கினான். தாராவி என்று சொன்னால் அடுத்த கேள்வி மரத்தைப் பற்றி இருக்காது, குடிசையைப் பற்றி இருக்கும்.

அது தூங்குமூஞ்சி மரம். எந்த அம்மனும் குடியேற யோசிக்கும் ஜாதி. ஆனால் போன வருஷம் குடிசைகளை இடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், குடிசை வரிசைக்குத் தலைவராக நடந்துகொள்ளும் டீக்கடைப் பூலோகம் அதன் அடியில் ஒரு சூலத்தை நட்டு, மஞ்சத்துணியைச் சுற்றி, எலுமிச்சம்பழம் குத்தி வைத்தார். கடப்பாரையோடு வந்த மராட்டியக் கூலிகள் செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். பின்வரிசை அன்றைக்கே தரைமட்டம். அதிலிருந்து இந்த வரிசைக்கு அந்த மரம்தான் பட்டா.

மரத்தை ஒட்டிய முதல் குடிசை பிச்சையாவுடையது. தோல் கிடங்கில் வேலை. அவன் தகரக் கூரைக்கு மேலே நீண்டிருந்த பெரிய கிளை அடியில் உளுத்துப்போய், காற்றடித்தால் முனகியது. மழைக்காலம் வருமுன் அதை இறக்க வேண்டும் என்று அவன் பெண்டாட்டி பேராச்சி வரிசை முழுக்கச் சண்டை போட்டாள். கோடாலியை எடுத்தபோது யாரோ, 'மரத்தை வெட்டினால் போலீஸ் பிடிக்கும்' என்றார்கள். போலீஸ் என்ற சொல் காதில் விழுந்தாலே பிச்சையாவுக்கு வேர்க்கும். சாராயக் கேஸில் ஆள் மாறிப் பிடித்துப்போய் லாக்கப்பில் அடித்ததில் அவனுக்கு ஒரு காது போயிருந்தது. இந்தி தெரிந்தவன் என்று இசக்கிப்பாண்டியைத்தான் கேட்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

தெருமுனையிலேயே பூலோகம் மறித்தார்.

"என்னலே சொன்னான்?"

"வெட்டலாமாம் மாமா. தடையே கெடையாதாம்."

பூலோகம் அவனைக் கடைக்குள் இழுத்து உட்கார வைத்தார். "ஏலே, நாமளே சாமி மரத்துல கோடாலி வச்சா, நாளைக்கு இடிக்க வாரவன் செருப்பைக் கழத்துவானா? நீங்களே வெட்டுனதுதானேம்பான். மொத்த வரிசையும் போச்சு. உன் குடிசை எதுலலே இருக்கு?"

"அந்தக் கிளை விழுந்திரும் மாமா. நானே பாத்தேன்."

"விழும்போது பாத்துக்கிடுவோம். போய்க் கேட்டது நீ ஒருத்தன்தானே? அவன் சொன்னது வேற எவனுக்குத் தெரியும்?"

இசக்கிப்பாண்டி டீயைக் குடித்து முடித்தான். யோசிப்பதற்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

பேராச்சி வாசலிலேயே நின்றாள். "கொழுந்தனாரு முகத்தைப் பாத்தா பரீட்சையில தோத்தவன் மாதிரில்லா இருக்கு. என்ன சொன்னாவ?"

"சர்க்கார் மரமாம் மதினி. அவங்க நோட்டுல நம்பர் போட்டிருக்காம். கிளையைத் தொட்டாலே ஆறு மாசமாம்."

பிச்சையா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "ஆறு மாசமா!" கோடாலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"நல்ல சர்க்காரு," என்றாள் பேராச்சி. "அந்தக் கிளார்க்குகிட்ட எனக்கும் ஒரு நம்பர் வாங்கிட்டு வாரும். நெத்தியில எழுதிக்கிடுதேன். என்னையும் ஒருத்தனும் தொட மாட்டான்."

இசக்கிப்பாண்டியும் சிரித்தான். அவள் பேச்சுக்கு யாரும் சிரிக்காமல் இருக்க முடியாது.

மழை வந்தது. ஒரு மத்தியானம் பிச்சையா வேலைக்குப் போயிருந்தபோது, பேராச்சி கூரை ஒழுகும் இடத்தில் அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தாள். கிளை முறிந்த சத்தம் நாலு தெரு தள்ளியிருக்கும் லேபர் கேம்ப் வரை கேட்டது என்றார்கள். தகரத்தைப் பிய்த்து வெளியே எடுக்கும்போது உயிர் இருந்தது. சயான் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டது. அவளைத் தூக்கியவர்களில் இசக்கிப்பாண்டியும் ஒருவன். கனமாக இருக்கிறாள் என்று நினைத்தான். வேறு எதையும் நினைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் பிச்சையா கோடாலியோடு மரத்தடிக்கு வந்தான். சூலத்தைப் பிடுங்கி எறிந்தான். வரிசையே கூடிவிட்டது.

"பிச்சையா, சர்க்கார் மரம்டே! ஆறு மாசம்!" என்று பூலோகம் கத்தினார்.

"ஆறு வருசம் போடட்டும். தூக்குல போடட்டும். வேரோட சாய்க்காம விட மாட்டேன்."

முதல் வெட்டு விழுந்தது. பட்டை தெறித்தது. அவன் கையிலிருந்து கோடாலியைப் பிடுங்கும் தைரியம் ஒருவருக்கும் இல்லை. பூலோகம் இசக்கிப்பாண்டியைப் பார்த்தார். சட்டம் இனி செல்லாது என்பது அவனுக்கும் புரிந்தது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதும் வாயிலேயே தயாராக இருந்தது.

"அண்ணே, வெட்டாதீரும். மதினி அதுலதான் இருக்காவ. அடிபட்டுச் செத்தவ, அடிச்ச மரத்துலதானே இருப்பா? எங்க போவா?"

கோடாலி அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நம்மூரில் அப்படிச் செத்த பெண்களெல்லாம் தெய்வமாகத்தானே நிற்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். பக்கத்துக் குடிசை முருகம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். உயிரோடிருந்தவரை பேராச்சியோடு தண்ணீர்க் குழாயில் மல்லுக்கு நின்றவள்.

"ஏ... என்னையவா வெட்டுதீரு? நான் உம்ம பேராச்சில்லா!"

பிச்சையா கோடாலியைப் போட்டான். சேற்றில் முழங்காலிட்டு, கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ரொம்ப வலிச்சுதாட்டி?"

முருகம்மாளின் ஆட்டம் ஒரு கணம் தட்டுக்கெட்டது. உருட்டிய கண்ணை இறக்கிப் பூலோகத்தைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார்.

"வலிக்கல," என்றாள். "எனக்கு இங்கன சொகமாத்தான் இருக்கு. ஒரு சீலை மட்டும் சுத்தி விடும்."

பிச்சையா குடிசையின் இடிபாட்டுக்குள் ஓடி, பேராச்சியின் நனைந்த சிவப்புச் சீலையை எடுத்துவந்து வெட்டுப்பட்ட இடத்தை மூடிக் கட்டினான். பெண்கள் குலவையிட்டார்கள்.

சேற்றில் கிடந்த கோடாலியை இசக்கிப்பாண்டி எடுத்தான். நல்ல எடை. முறிந்த கிளை வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. பிளந்து உலர்த்தினால் மழை முடியும்வரை அடுப்புக்கு ஆகும்.

"எடுத்துக்கிடலாமா மாமா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"விழுந்ததுக்கு என்னலே தடை?" என்றார் பூலோகம். "எனக்குப் பாதியைப் போடு."