துண்டும் ஒரு கூப்பிடுதலும்

லட்டு மறுபடியும் கடித்தது. நான் கத்தவில்லை, கையை வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. கத்தினால் அதற்கு விளையாட்டாகிவிடும், இழுத்தால் கடிப்பதே வழி என்று பழகிவிடும் என்று கிளி வளர்ப்பு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விரல் கணுவில் ரத்தம் வந்தது.

சன் கான்யூர் என்கிற மஞ்சள் கிளி அது. எங்கள் கல்லூரி அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான அன்புச்செல்வி அக்கா கொடுத்தது. கிளி இறகால் அவர் மகனுக்குத் தும்மல் நிற்கவில்லையாம். "இதுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதில்ல கண்ணு. உனக்குன்னாத்தான் குடுப்பேன்" என்றார். இந்த ஊரில் காய்கறி விற்பவர்கூட எல்லாரையும் கண்ணு என்பார்தான். ஆனாலும் காரமடையில் அம்மா இறந்தபிறகு அக்கா வாயில்தான் அது எனக்கு இனித்தது. அதற்காகவே கூண்டைச் சரவணம்பட்டியில் எங்கள் வீடுவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தப்பு என்னிடம்தான் என்று நினைத்தேன். கூண்டை ஜன்னலோரம் மாற்றினேன். அதன் கண்மணி சுருங்கி விரிந்தால், மிரண்டிருக்கிறது என்று கிட்டே போகாமல் காத்திருந்தேன். கம்பி வழியாகச் சூரியகாந்தி விதை நீட்டினால் பதவிசாக வாங்கித் தின்னும். கதவைத் திறந்து, "வா கண்ணு" என்று கையை நீட்டினால் மட்டும் கவ்விப் பிடிக்கும்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலைன்னா குடுத்தவங்களுக்கே குடுத்துப்போடலாம் மெர்சி" என்றார் என் கணவர் சாமுவேல். எனக்கு மனசு கேட்கவில்லை.

சனிக்கிழமை அக்காவே வந்தார். என் விரல்களில் பிளாஸ்திரியைப் பார்த்தும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கூண்டருகே போய், "லட்டு, வா கண்ணு, அம்மாகிட்ட வா" என்றார். அப்படி ஒரு தேன் குரல். லட்டு கடைசி மூலைக்கு ஒதுங்கி இறகு சிலிர்த்து நின்றது. அக்காவின் இடது கை, அவர் திரும்பிப் பார்க்காமலே, நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்தது.

"துண்டு எதுக்குங்கக்கா?"

"அமுக்கிப் புடிக்கத்தான். கண்ணுன்னு கூப்பிட்டாக் கைக்கு வரும், ஒடனே துண்டப் போட்டுச் சுத்திரோணும். றெக்கை வெட்டறப்பெல்லாம் அப்படித்தான் புடிப்போம். அதுக்கப்புறந்தான் இந்தக் கடி கடிக்குது."

அன்பாகக் கூப்பிடுவதாக நினைத்து இத்தனை நாளும் நான் அதைப் பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

"கடிக்காதுன்னு சொன்னீங்களேங்கக்கா."

அக்கா சிரித்தார். "நெசத்தச் சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா கண்ணு?"

காபி குடித்துவிட்டு, "வாரேன் கண்ணு" என்று கிளம்பினார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இவரிடமா இதைத் திருப்பிக் கொடுப்பது?

ஞாயிறு காலை கூண்டைத் திறந்து, உள்ளங்கையில் விதைகளோடு உட்கார்ந்தேன். வாயே திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து லட்டு இறங்கி வந்து ஒரு காலை என் விரல்மேல் வைத்தது. கடிக்கவில்லை. அப்போது பார்த்து போன் அடித்தது. கிளி மிரளக் கூடாதே என்று, மணியை நிறுத்த மற்றக் கையால் போனை அவசரமாகத் தொட்டேன். அழைப்பு ஸ்பீக்கரில் விழுந்தது.

"என்ன கண்ணு, அக்கா மேல கோவமா?"

லட்டு காலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. நானும் போனை மேஜையிலேயே விட்டுவிட்டுச் சுவரோரம் நகர்ந்தேன். பதில் வராததால் அக்காவின் குரல், "கண்ணு... கண்ணு..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.