தண்ணீர் நின்ற நாற்பது நிமிடம்

அக்கா வீடு ஏரி மதகுக்கு நேர் கீழே, தாழ்வான தெருவில் இருக்கிறது. மழை பிடிக்கும்போதே மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டால் தெரு தப்பும். ஏரி தளும்பிய பிறகு திறந்தால் போச்சு. மதகுக்காரர் பக்கத்திலேயே நின்றாலும் அவராகத் திறக்கக்கூடாது. எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர் குழு கூடிப் பேசி உத்தரவு போட வேண்டும். அந்த அதிகாரத்தை அவரிடமே கொடுங்கள் என்று மூன்று முறை அறிக்கை எழுதினேன். யார் படித்தார்கள்? சரி, விளையாடியாவது புரிந்துகொண்டு தொலையட்டும் என்று ஏரியை ஒரு கணினி விளையாட்டாக்கினேன். ஏரியின் ஒரு மணி நேரம் அதில் ஒரு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை ஐவரும் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். மழையை ஓடவிட்டேன். மதகை எத்தனை அடி தூக்குவது என்று பேசினார்கள், பேசினார்கள், தெரு மூழ்கியது. இரண்டாம் தடவை, யார் முதலில் பேசுவது என்பதிலேயே மூழ்கியது. எனக்கு உள்ளூர ஒரே குஷி. இப்போதாவது உறைக்குமல்லவா?

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நாங்க பேசி முடிக்கிற வரைக்கும் தண்ணியை நிறுத்தி வை."

"தண்ணி நிக்காது சார்."

"கம்ப்யூட்டர்லதானே நிறுத்தச் சொல்றேன், ஏரியிலயா?"

அறையே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலதிகாரி ஆயிற்றே, நிறுத்தித் தொலைத்தேன். மழைத்துளிகள் அந்தரத்தில் நிற்க, நாற்பது நிமிடம் நிதானமாக விவாதித்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல முடிவாகத்தான் எடுத்தார்கள். மதகு இரண்டடி உயர்ந்தது. தெருவில் ஒரு சொட்டு இல்லை. நூற்றுக்கு நூறு என்று திரை சொல்ல, ஐவரும் கைதட்டினார்கள்.

குழுவே போதும், மதகுக்காரருக்குத் தனி அதிகாரம் தேவையில்லை என்று தீர்மானம் எழுதி, ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். "நல்லா புரிய வச்சிட்டம்மா. தீ விபத்துக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ணு" என்றார் தலைவர்.

வியாழக்கிழமையிலிருந்து கனமழை என்று காலையிலேயே அறிவித்திருந்தார்கள். படிக்கட்டில் நின்றபடியே அக்காவை அழைத்தேன்.

"என்னடி, உன் ஏரி விளையாட்டு என்ன ஆச்சு?"

"ஜெயிச்சுட்டாங்க. ஒரு வீடு மூழ்கல, ஒருத்தர் சாகல."

"அப்பாடா!"

"அக்கா, பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே என் வீட்டுக்கு வந்துடு."