கீழே கொண்டுவரக்கூடாத பழம்

1

முதலில் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு சீப்பு மட்டிப்பழத்திலிருந்து வந்தது.* போன சித்திரையில் ஒரு மலைக்கோயிலுக்குப் போனேன். மலையின் பெயரைச் சொல்லமாட்டேன், கீரிப்பாறைக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் சாஸ்தா. ஆண்டுக்கு மூன்று நாள்தான் வழி திறப்பார்கள். நேர்ச்சைக்குப் பழக்குலை சுமந்து ஏற வேண்டும். பூசை முடிந்ததும் தின்ன முடிந்த மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பாறைமேல் வைத்துவிட்டு வரவேண்டும். அது காட்டுக்குள்ளது. ஒரு பழம்கூட மலையிறங்கக் கூடாது.

நான் ஒரு சீப்பை இறக்கினேன். வழியில் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து முதல் பழத்தை உரித்தபோதுதான் பயம் வந்தது. அந்தப் பயத்தை இறக்கிவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கோமளவல்லியைப் பிடித்தேன். பயந்தது நான், மாட்டிக்கொண்டது அவள்.

(* மட்டி: எங்கள் மாவட்டத்துச் சின்ன வாழைப்பழம். ஒரு வீட்டில் பழுத்தால் தெருவுக்கே தெரியும். மனிதன் மூக்குக்கே அப்படியென்றால் மற்ற மூக்குகளை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கங்கள்:

மேகம் தவழும் மலைமுகட்டில், பசுமை போர்த்திய

(வேண்டாம். இது சுற்றுலாத் துறை.)

அன்று காலையிலிருந்தே கோமளவல்லியின் வலது கண்

(கண் துடிக்கட்டும், போகட்டும். என்ன நடக்கப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் நான் எதற்கு?)

கோமளவல்லி பொய் சொன்னாள்.

இது இருக்கட்டும்.

3

கோமளவல்லி பொய் சொன்னாள். சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாள்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் செல்வன் நின்றான். வனத்துறையின் காட்டு வாச்சர். ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டான்.

"பையில பழம் வல்லதும் உண்டா? இருந்தா இப்பமே பாறையில வச்சிருங்க. பெரியவரு நேத்துலேந்து இந்தச் சரிவுலதான் நிக்காரு. மணம் பிடிச்சா விடமாட்டாரு, கேட்டியளா."

காட்டுக்குள் நிற்கும்போது அவர்கள் ஆனை என்று சொல்வதில்லை.

"நம்ம பையில ஒண்ணும் கிடையாது தம்பி," என்றார் அவள் கணவர் ஆறுமுகப்பெருமாள். அவருக்குத் தெரியாது. கோமளவல்லி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

ஏன் எடுத்தாள்? நேர்ச்சை அவளுடையதல்ல, மகள் ஆர்த்திகாவுடையது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவது முறை இப்போது ஆறாம் மாதம். மருத்துவர் படுக்கையைவிட்டு இறங்காதே என்றிருக்கிறார். மகளுக்காகக் குலையை அம்மா சுமந்து ஏறினாள். நேர்ந்தவள் வாயில் பிரசாதம் படாமல் நேர்ச்சை எப்படித் தீரும்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தீராது என்றுதான் சொல்வார்கள். ஆக, இரண்டு சாமி வழக்கம் ஒன்றோடொன்று முட்டியது. அவள் மகள் பக்கம் சாய்ந்தாள். நாலு பழத்தைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்தாள்.

4

ஆறுமுகப்பெருமாள் விஷயத்தில் இன்னொரு ஒப்புதல். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். குடி, கைநீட்டல், எல்லாம் சேர்த்து. அப்படியிருந்தால் அவருக்கு என்ன ஆனாலும் உங்களுக்குப் பாதி வருத்தம்தான் இருக்கும், எனக்கும் எழுத லேசு. பிறகு வெட்கமாகிவிட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இப்போது அவர் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார். நல்ல மனிதர். ஒரேயொரு குணம்: காரணம் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். குடையை எடுங்கோ என்றால் வானத்தைப் பார்த்துவிட்டு "எதுக்குட்டி?" என்பார். முப்பத்தோரு வருடமாக அந்த எதுக்குட்டிக்குப் பதில் சொல்லியே அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இறக்கத்தில் அவளுடைய முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் திரும்பி வந்தார்.

"பையத் தா. கம்ப ஊனி மெள்ள வா. நான் முன்ன போயிப் பாதை பாக்கேன்."

"இருக்கட்டும், நானே—"

"தா, சொல்லுகேன்லா."

பை கைமாறியது. கதையில் நான் மிகவும் பயந்து எழுதிய வரி இதுதான். அன்புதான் காரணம், வேறொன்றுமில்லை.

5

பிற்பகல் மூன்று மணி. மூடுபனி இறங்கி மரங்களின் பாதியை மறைத்திருந்தது. பின்னால் வருகிறவர்களைக் கூட்டிவரச் செல்வன் மேலே போயிருந்தான். பாதை ஒரு வளைவில் கீழே திரும்பும். அவர் வளைவுக்குக் கீழே, இருபதடி முன்னால். அவள் மேலே.

மேலிருந்து அவளுக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

ஈத்தை மூங்கில் காட்டுக்குள் ஒரு பாறை நின்றது. பாறையின் காது அசைந்தது. பிறகு அசைவு நின்றது. தும்பிக்கை மட்டும் உயர்ந்து பையிருந்த பக்கம் திரும்பியது.

சாஸ்தாவே, நான் எடுத்ததுக்கு அவுகளையா கேக்க?

கத்தலாம். கத்தினால் அதற்கும் கேட்கும். பையை எறியுங்கோ என்று சொல்லலாம். அவர் நிற்பார். திரும்புவார். எதுக்குட்டி என்பார். பழம் இருக்கு, பிள்ளைக்காக எடுத்தேன், பொய் சொன்னேன். மூன்று வாக்கியம். மூன்று வாக்கியத்துக்குள் ஒரு ஆனை எவ்வளவு தூரம் வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

6

முடிவு அ: ஆனை திரும்பிக் காட்டுக்குள் போகிறது. எனக்கும் இதுபோல ஒன்றும் நடக்காத இறக்கம்தான் கிடைத்தது. தகுதியில்லாமல் கிடைத்ததை இன்னொருத்திக்கு எடுத்துக்கொடுக்க மனம் வரவில்லை.

முடிவு ஆ: செல்வன் பட்டாசோடு ஓடிவருகிறான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவனை மேலே அனுப்பியதே நான்தான்.

முடிவு இ: அவள் கத்துகிறாள். அவர் திரும்பு

(எழுத முடியவில்லை. எழுந்துபோய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். பட்டப்பகல்.)

7

இதற்கிடையில் கோமளவல்லி நடக்கத் தொடங்கிவிட்டாள். நான் எழுதவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறேன், அவள் அதைச் சட்டை செய்யவில்லை. கம்பைப் போட்டுவிட்டாள். மூச்சுகூட விடாமல் இருபதடியையும் இறங்கிவிட்டாள். அவருக்கும் ஈத்தைக்கும் நடுவே போய் நின்று பையின் வாரைப் பிடித்துவிட்டாள்.

அவளுக்குப் பை வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு அவள் எந்தப் பக்கம் போவாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனா நகரவில்லை.

அவர் வாரை விடவில்லை.

"எதுக்குட்டி?" என்கிறார்.

ஈத்தை ஒடிகிறது. நான் பேனாவை வைத்துவிட்டேன், அவளிடம் மூச்சில்லை. நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள், எதுக்கென்று நீங்கள் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்கிற மாதிரி, ஒரே சொல்லில்.