காயமில்லாத உடம்பு

"திரும்புங்க, வெளிச்சத்துக்கு வாங்க!" பஞ்சம்மாள் புருஷனின் சட்டையைப் பிய்க்காத குறையாகக் கழற்றினாள். ஒரு கொப்புளம் இல்லை. கருத்தப்பாண்டிக்குப் புருவமுடிகூடப் பொசுங்கவில்லை. அவனைக் கிடத்த வாழையிலை வெட்டி வந்தவர்கள், சிரித்துக்கொண்டே ஆட்டுக்குப் போட்டார்கள். தாயில்பட்டிப் பட்டாசு ஆலைகளில் வெடிவிபத்து என்றால் தீக்காயத்தைத்தான் தேடுவார்கள். பக்கத்து ரூம் வெடித்த வேகத்தில் மனுஷன் சுவரில் மோதி விழுந்ததை யார் பெரிசாக நினைத்தார்கள்?

"தலதான் விண்ணுவிண்ணுனு தெறிக்குது புள்ள."

"தெறிச்சா தெறிக்கட்டும். உசுரு தப்புச்சுல்ல!"

மறுநாள் சாப்பிடக் குனிந்தவனின் மூக்கிலிருந்து தட்டில் தண்ணீர் சொட்டியது. கெட்டிச் சளியில்லை, பச்சைத்தண்ணி. முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்தது. தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்றான்.

"நீர் கோத்திருக்கு," என்று நொச்சித்தழை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். அங்கே யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அப்புறம் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தலைக்கு மடித்த சேலை வைக்கத் தூக்கினாள். கழுத்து மடங்கவில்லை, தலையோடு தோளும் சேர்ந்து எழுந்தது. அந்தக்கணமே வண்டி பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனாள்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். "மண்டை ஓட்டுக்குள்ள மூணு சவ்வு இருக்கும்மா. அதுக்கு நடுவுல தண்ணி. மூளை அதுலதான் மிதக்குது. முதுகெலும்புக்குள்ள ஓடுற தண்டுவடத்துக்கும் அந்தத் தண்ணிதான் காவல். இவருக்கு மூக்குக்கு மேல எலும்பு விரிசல் விட்டு அது ஒழுகியிருக்கு. அந்த வழியாக் கிருமி உள்ள போயிருச்சு."

"அப்ப அது சளி இல்லீங்களா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். ஐயோ, எம்புட்டைத் துடைத்துப் போட்டோம் என்று அவள் முந்தானையை விரித்துப் பார்த்தாள்.

மறுநாள் அவன் போய்விட்டான்.

வெடியில் போனவர்களைத் துணியில் பொட்டலமாகத்தான் கொண்டுவருவார்கள். இந்த முகத்தைப் பார்க்க ஊரே வந்தது. "ஒரு கீறல் இல்லையே எண்ணே, தூங்குற மாதிரியில்ல கெடக்க!" என்று அவன் தங்கை செல்வலட்சுமி கதறினாள். பஞ்சம்மாளுக்கு அழுகையே வரவில்லை.

அழுது ஓய்ந்த மகள் பாண்டிச்செல்வி, அம்மா மடியில் வந்து விழுந்தாள். மூக்கு தண்ணீராய் ஒழுகியது. பஞ்சம்மாள் வெடுக்கென்று பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எங்கனயும் விழுந்தியாடி? சுவத்துல இடிச்சியா? சொல்லுடி!"

"இல்லம்மா. அழுதேன்."

அவள் நம்பவில்லை. சடையைப் பிரித்து உச்சி, பிடரி என்று அழுத்திப் பார்த்தாள். கழுத்திலிருந்து எலும்பு எலும்பாகத் தொட்டு இறங்கினாள்.

"நேரமாச்சு, தூக்கணும். எந்திரிச்சு வாங்க மதினி," என்றாள் செல்வலட்சுமி.

பஞ்சம்மாளின் விரல் நடுமுதுகில்தான் இருந்தது. இன்னும் பாதி எலும்பு பாக்கி.